வலது கை இரண்டு கிலோ எழுநூறு

முட்டாள்கள் இல்லாத ஊர் கிடையாது. ஆனால் அவர்களை ஒன்றுதிரட்டி, பதிவு எண் வாங்கி, கொடி தைத்து, உட்கார்ந்து பேச ஒரு தகரக் கொட்டகையும் போட்டுக் கொடுத்த ஊர் எனக்குத் தெரிந்து மண்டிப்பேட்டை ஒன்றுதான். சுமை தூக்கும் தொழிலாளர் சங்கம், கிளை எண் மூன்று. அந்தக் கிளையின் முதல் துண்டறிக்கையை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அதை ஒருவரும் படிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக் கடையில் அதில் வடை மடித்துக் கொடுத்தார்கள். வடை நன்றாக இருந்தது.

கிளையில் மொத்தம் நாலு உறுப்பினர்கள். நாலு பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவன் சங்கிலி, செயலாளர். அடுத்தவன் வெயிலுமுத்து, தலைவர். மூன்றாமவன் சோணை, துணைத் தலைவர். கடைக்குட்டி இருளப்பனுக்குப் பதவி மிஞ்சவில்லை. அவன்தான் பொதுக்குழு.

தூக்குவதில் அவர்களை மிஞ்ச அந்தச் சந்தையில் ஆள் கிடையாது. நூறு கிலோ துவரை மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு பலகை மேல் ஏறி லாரிக்குள் போடுவார்கள். யோசனைதான் அவர்களுக்குக் கனமாக இருக்கும். அதனால் அதை மட்டும் நாலு பேரும் சேர்ந்து தூக்குவார்கள்.

தாயின் பெயர் சீனியம்மாள். வயது அறுபத்திரண்டு. மண்டியில் சிந்துகிற தானியத்தைக் கூட்டி, புடைத்து, அதில் நாலு பேரையும் ஆளாக்கியவள். அவளுக்குக் குடலிறக்கம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்துத் தைத்தார்கள். ஆறு நாள் படுக்கை. மேலே மின்விசிறி சுற்றாது, சத்தம் மட்டும் போடும். பக்கத்துக் கட்டில்காரி தன் மருமகளைப் பற்றி ஆறு நாளும் நிறுத்தாமல் பேசினாள். ஏழாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றதும் சீனியம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மறுபடி இந்தக் கட்டிலுக்கு வராம இருக்க நான் என்ன செய்யணும் டாக்டரம்மா?"

"நான் சொல்றபடி கேட்டா வர வேண்டாம்," என்றார் டாக்டரம்மா. பிறகு, செய்யக் கூடாத தவறாக, பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்களிடம் சொன்னார். "ரெண்டு கிலோவுக்கு மேல எதையும் தூக்கக் கூடாது. இருமல் வந்தா ஒரு தலையணையை வயித்துல வச்சு அழுத்திக்கணும். லேசான சாப்பாடு குடுங்க. தினமும் கொஞ்ச தூரம் நடக்கணும். இன்னையிலருந்து பத்தாம் நாள் கூட்டிட்டு வாங்க, நடக்கச் சொல்லிப் பார்ப்பேன். படுத்தே கிடந்தாங்கன்னா சிக்கலாயிரும். திரும்ப அட்மிஷன் போட வேண்டியதுதான்."

சங்கிலி அத்தனையையும் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, திரும்ப வாசித்துக் காட்டி, கீழே கையெழுத்து கேட்டான். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் சீனியம்மாளுக்குத் தாகம். பக்கத்தில் இருந்த சொம்பை எடுக்கக் கையை நீட்டினாள்.

"நில்லும்மா," என்றான் சங்கிலி. சொம்பைக் கையில் வாங்கி ஏற்றி இறக்கிப் பார்த்தான். இருபது வருடம் மூட்டை சுமந்த கை, தராசு மாதிரி. "ஒண்ணேகால் கிலோ இருக்கும். குடிக்கலாம்."

சீனியம்மாள் சொம்பை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனாள். அப்போது சோணை யோசித்தான். அவன் தனியாக யோசித்தது பிறந்ததிலிருந்து அதுவே முதல் தடவை.

"அண்ணே, சொம்பு மட்டுமா மேல போகுது?"

"வேற என்ன போகுது?"

"கையும் சேர்ந்து போகுதுல்ல."

நாலு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். பிறகு வெயிலுமுத்து அம்மாவின் கையிலிருந்து சொம்பை மெதுவாக, வெடிகுண்டை எடுப்பவன்போல எடுத்துக் கீழே வைத்தான். இருளப்பன் மண்டிக்கு ஓடினான். அரைமணி நேரத்தில் தள்ளுவண்டியில் எடை மெஷின் வந்துவிட்டது. அம்மாவின் வலது கை அதன்மேல் ஏறியது.

"ரெண்டு எழுநூறு," என்றான் சோணை.

"சாக்குக் கழிவு போட்டியா?"

"கண்ணாடி வளையல் நாப்பது கிராம் கழிச்சிட்டேன்ணே. சுத்தக் கை ரெண்டு எழுநூறு."

சங்கிலி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். இடது கையையும் போட்டார்கள். அதுவும் அதே எடை. தலை மூணு எண்ணூறு. கால் ஒவ்வொன்றும் ஏழரை.

"அறுபத்திரண்டு வருஷமா இவ்வளவையும் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கா," என்றான் வெயிலுமுத்து. "குடல் இறங்காம என்ன செய்யும்?"

"ஏண்டா, அது என் கைடா," என்றாள் சீனியம்மாள்.

"உன் கைதாம்மா. யாரு இல்லேன்னா? ஆனா எடை எடைதானே."

அன்று சாயந்திரமே அவசரக் கூட்டம். முதல் தீர்மானம்: அம்மா தன் கை, கால், தலை எதையும் தானே தூக்குவது டாக்டரம்மாவின் உத்தரவுக்கு விரோதம். இரண்டாவது தீர்மானம், வேலைப் பங்கீடு. வலது கை சங்கிலிக்கு. இடது கை வெயிலுமுத்துவுக்கு. தலை சோணைக்கு. இரண்டு காலும் இருளப்பனுக்கு.

"ரெண்டு காலுக்கு ஒரே ஆளா? பதினஞ்சு கிலோண்ணே," என்றான் இருளப்பன்.

"ரெண்டையும் ஒரே சமயத்துல தூக்கச் சொல்லலையே. ஒண்ணு ஒண்ணாத் தூக்கு."

மூன்றாவது தீர்மானம், வேலை நேரம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று நாங்கள் வாங்கிய தடியடி எல்லாம் கடைசியில் சீனியம்மாளின் இடது கைக்குப் பயன்பட்டது. சரித்திரத்தில் எது யாருக்குப் பயன்படும் என்று யார் கண்டது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேலை தொடங்கியது.

முதலில் சாப்பாடு. லேசான சாப்பாடு என்பது உத்தரவு. இட்லியை மெஷினில் போட்டார்கள். கஞ்சியைப் போட்டார்கள். அப்பளத்தைப் போட்டார்கள். கடைசியில் ஒரு படி பொரி எல்லாவற்றையும் தோற்கடித்தது. சங்கிலி அம்மாவின் வலது கையைத் தூக்கி, விரலைக் குவித்து, பொரியை அள்ள வைத்து, வாய்ப்பக்கம் கொண்டுபோனான். வாய் தலையில் இருந்தது. தலை சோணையின் பொறுப்பு. அவன் தலையைத் தூக்கவில்லை.

"தலையைத் தூக்குடா," என்றான் சங்கிலி.

"சும்மாடு கட்டிக்கிட்டு இருக்கேன்ணே. வெறுங்கையில மூணு எண்ணூறு எப்படித் தாங்குறது?"

சும்மாடு கட்டித் தலையைத் தாங்குவதற்குள் பொரி அவள் ரவிக்கைக்குள் போய்விட்டது. அன்று காலை சீனியம்மாள் சாப்பிட்டது பதினோரு பொரி. எண்ணிப் புத்தகத்தில் ஏற்றினார்கள்.

அடுத்து நடை. அங்கேதான் பெரிய விவாதம் வந்தது.

"நடக்கணும்னா காலைத் தூக்கணும். கால் ஏழரை கிலோ. தூக்கக் கூடாதுன்னும் சொல்றாங்க, நடக்கணும்னும் சொல்றாங்க," என்றான் வெயிலுமுத்து. "அப்ப டாக்டரம்மா தப்பாச் சொல்லிட்டாங்களா?"

"படிச்சவங்க தப்பாச் சொல்ல மாட்டாங்க. நடக்கணும்னாங்க. யாரு தூக்கணும்னு சொல்லலை," என்றான் சங்கிலி.

எல்லோரும் இருளப்பனைப் பார்த்தார்கள். அவன் தரையில் மண்டியிட்டு, அம்மாவின் வலது காலைத் தூக்கி அரை அடி முன்னால் வைத்தான். பிறகு முழங்காலால் நகர்ந்து இடது காலுக்குப் போனான். சங்கிலியும் வெயிலுமுத்துவும் இரண்டு பக்கமும் கையைச் சுமந்து வந்தார்கள். பின்னால் சோணை தலையைப் பிடித்துக்கொண்டு வந்தான். கட்டிலிலிருந்து வாசல்படிக்கு எட்டடி. பத்து மணிக்குப் புறப்பட்ட ஊர்வலம் பதினோரு மணிக்கு நடு வீட்டை அடைந்தது. பதினோரு மணி என்பது டீ நேரம். அப்போது வலது கால் அந்தரத்தில் இருந்தது. இருளப்பன் ஒரு ஸ்டூலை இழுத்துக் காலை அதன்மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

"அடப் பாவிகளா, ஒத்தைக் கால்ல நிக்கிறேன்டா," என்றாள் சீனியம்மாள்.

"கால் மணி நேரந்தாம்மா. அது போராடி வாங்கின டீ," என்றான் சங்கிலி. அவள் விழுந்துவிடாமல் கூடவே நின்று, தன் டீயையும் குடித்தான்.

தலைமுடி கட்டுவது இன்னும் மோசம். முடி தலையில் இருக்கிறது, அது சோணை. கொண்டை போட இரண்டு கையும் வேண்டும், அது சங்கிலியும் வெயிலுமுத்துவும். மூன்று துறை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கூட்டுக் குழு அமைத்தார்கள். குழு ஒன்றரை மணி நேரம் உழைத்து முடித்தபோது கொண்டை இடது காதுக்கு மேல் இருந்தது. அதில் வெயிலுமுத்துவின் சுண்டுவிரலும் இருந்தது.

மூக்கு அரித்தால் கேட்கவே வேண்டாம்.

"மூக்கு உன் எல்லைதானே, நீ சொறி," என்பான் சங்கிலி.

"மூக்கு என் எல்லை. சொறியறது கை வேலை," என்பான் சோணை.

"எந்தக் கை?" என்பான் வெயிலுமுத்து.

முடிவு வருவதற்குள் அரிப்பு காதுக்குப் போயிருக்கும்.

தலையணை விஷயமும் ஒன்று உண்டு. இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்த வேண்டும் என்பதை அவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளவில்லை. சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள். யாருக்கு இருமல் வந்தால் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, அவ்வளவுதான். சோணை பீடி குடிப்பவன், மணிக்கு நாலு தடவை இருமுவான். அவன் இருமும்போதெல்லாம் ஒரு தலையணை பறந்து வந்து சீனியம்மாளின் வயிற்றில் உட்காரும். தெருவில் போகிறவன் இருமினாலும் வரும்.

கொல்லைப்பக்கம் போகும் காரியத்தை எழுதினால் இது நீண்டுவிடும். பக்கத்து வீட்டு ரோசம்மாள் ஒரு நாளைக்கு மூன்று தடவை விளக்குமாற்றோடு வந்து, நாலு பேரையும் வெளியே துரத்திவிட்டு, காரியம் முடிந்ததும் போனாள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். புத்தகத்தில் அது 'வெளியார் தலையீடு' என்று பதிவானது.

ஐந்து மணிக்குச் சங்கிலி விசில் ஊதுவான். அந்த நொடியில் எது எங்கே இருக்கிறதோ அதைக் கீழே வைத்துவிட வேண்டும். இரண்டாம் நாள் ஒரு பிடி பொரி வாய்க்கு நாலு விரற்கடை தூரத்தில் வந்தபோது விசில் ஊதிவிட்டது. ஊதியது சங்கிலி. கையைத் தூக்கிக்கொண்டிருந்ததும் சங்கிலி. தான் ஊதிய விசிலுக்குத் தானே கட்டுப்பட்டு அவன் கையைக் கீழே வைத்தான். கொள்கைப் பிடிப்பு என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

விசில் ஊதியதும் நாலு பேரும் அன்றைய வேலையைப் பரிசீலிக்கச் சங்கக் கொட்டகைக்குப் போவார்கள். போகும் முன் சோணை சொல்வான், "எதையும் தூக்கிராதம்மா. தூக்கினா மறுபடி ஆஸ்பத்திரிக் கட்டில்தான்."

வாசல் கதவு சாத்தியதும் சீனியம்மாள் எழுந்து உட்காருவாள். தன் வலது கையைத் தானே தூக்கி, மூக்கை நன்றாகச் சொறிந்துகொள்வாள். கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொள்வாள். ரோசம்மாள் ரசம் சாதத்தைக் கரைத்து எடுத்து வருவாள். சாப்பிட்டுவிட்டு இருவரும் மெதுவாகக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு தெருக்குழாய் வரை நடப்பார்கள். முதல் நாள் பாதி தூரம். அடுத்த நாள் முக்கால். வயிற்றில் தையல் சுருக்கென்று இழுக்கும்போது நின்று மூச்சு வாங்குவாள்.

"இதை அவனுங்க எதிர்லயே நடந்து காட்டலாம்ல?" என்று ரோசம்மாள் கேட்டாள்.

"முயற்சி பண்ணினேன். நாலு பேரும் ஆளுக்கு ஒண்ணைப் பிடிச்சிட்டானுங்க. சாமி சிலை மாதிரி ஆயிப்போச்சு, எட்டுக் கை என் மேல," என்றாள் சீனியம்மாள். "பத்தாம் நாள் அந்த டாக்டரம்மா முன்னாடி நடந்துட்டேன்னா போதும். அந்தக் கட்டிலுக்கு மட்டும் நான் திரும்பிப் போக மாட்டேன். அந்த மருமக கதையில இன்னும் மாமனார் சாவே வரலை, தெரியுமா?"

கூட்டம் சீக்கிரம் முடிந்து பிள்ளைகள் திரும்பிவிட்டால் காரியம் கெடும். அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். தினமும் ஐந்து மணிக்கு ஒரு பிரச்சினையைக் கிளப்பி அனுப்புவாள்.

"டேய் சங்கிலி, எனக்குக் கொட்டாவி வருதே. வாயைத் திறக்கும்போது தாடை தூக்குதா, இறங்குதா?"

அன்று கூட்டம் ஏழரை வரை நடந்தது. தாடை இறங்குகிறது, ஆகவே கொட்டாவி விடலாம், ஆனால் மூடும்போது தூக்குகிறது, ஆகவே திறந்த வாயைச் சோணைதான் மூட வேண்டும் என்று முடிவாயிற்று. இன்னொரு நாள், கனவில் மூட்டை தூக்கினால் அது கணக்கில் வருமா என்று கேட்டு அனுப்பினாள். அன்று எட்டு மணி ஆயிற்று.

எட்டாம் நாள் இருளப்பன் தீர்மானப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். எடுத்துவர ஐந்தரை மணிக்குத் திரும்பினான். தெருக்குழாயடியில் ஒரு பெண் கையை வீசிக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்தான். நல்ல நடை என்று நினைத்தான். கிட்டே வந்ததும் அது அம்மா.

அவன் புத்தகத்தை எடுக்காமலே கொட்டகைக்கு ஓடினான்.

"அம்மா தன் காலைத் தானே தூக்குறா," என்றான். "ரெண்டையும். மாத்தி மாத்தி."

பத்து நிமிடத்தில் நாலு பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஐந்து மணிக்குப் பிறகு வேலை செய்யக் கூடாது என்பதால் முதலில் கூடுதல் நேர வேலைக்கு ஒரு தீர்மானம் போட்டு, அதன் பிறகுதான் அவரவர் உறுப்பைப் பிடித்தார்கள்.

"அம்மா, நீ உன் காலை நீயே தூக்கினியா, இல்லையா?" என்றான் சங்கிலி.

"தூக்கினேன். என் காலுதானே."

"காலு உன்னுது. வேலை இருளப்பன்னுது. வேலைக்கு ஆள் போட்டிருக்கும்போது அந்த வேலையை இன்னொருத்தர் திருட்டுத்தனமா வந்து பார்த்தா, அவங்களுக்குச் சங்கத்துல என்ன பேரு?"

இருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "கருங்காலி," என்றான். "பெத்த தாய்னு பார்க்கிறேன்."

"ஏழு நாளா முழங்காலு தேய உன் காலைத் தூக்கினேனேம்மா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று மூக்கையும் உறிஞ்சினான்.

சீனியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் வலித்தது. வலியில் இருமினாள். இந்த ஒரு தடவை தலையணை சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில் வந்தது. அது தற்செயல்.

கண்டனத் தீர்மானத்தைச் சங்கிலி வாசித்தான். "ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

நாலு பேரும் ஒரு கையைத் தூக்கினார்கள். இன்னொரு கையால் சங்கிலி அம்மாவின் வலது கையைத் தூக்கினான். அவன் தூக்கியதால் வெயிலுமுத்து இடது கையைத் தூக்கினான்.

"நான் எதிர்க்கிறேண்டா," என்றாள் சீனியம்மாள், இரண்டு கையும் மேலே இருக்க.

"வாய் எதிர்க்குது, கை ஆதரிக்குது. கையைத்தான் எண்ணணும். ஆறு ஓட்டு. ஏகமனதா நிறைவேறிச்சு," என்றான் சங்கிலி.

இதைவிட நியாயமாக நடந்த வாக்கெடுப்புகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து கூட்டம் ரத்து. ஒன்பதாம் நாள் முழுவதும் வாசலில் ஒருவன், கொல்லைக் கதவில் ஒருவன், கட்டிலுக்கு இருபுறமும் இருவர். ரோசம்மாளின் விளக்குமாற்றைக்கூட எடை போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். சீனியம்மாள் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். காலுக்குள் விறைப்பு ஏறுவது அவளுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியின் ஓடாத மின்விசிறிச் சத்தம் இப்போதே காதில் கேட்டது.

"நாளைக்கு டாக்டரம்மா நடக்கச் சொன்னா என்னடா பண்ணுவீங்க?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"இருளப்பன் வருவான்ல," என்றான் சங்கிலி.

பத்தாம் நாள் அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு மூங்கில் கழி கட்டி, நாலு பேரும் தோளில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியில் இரண்டு பேர் சாமி என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் ஒருவர் இருமினார். வெயிலுமுத்து தலையணை கொண்டு வந்திருந்தான்.

நர்ஸ் அவளை எடை பார்த்துச் சீட்டில் குறித்தார். நாற்பத்தாறு கிலோ. சோணை எட்டிப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டினான்.

"எப்படிம்மா இருக்கீங்க? நடந்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

சங்கிலி நெஞ்சை நிமிர்த்தினான். "தானா ஒரு அடிகூட எடுத்து வைக்க விடலை டாக்டரம்மா. எட்டாம் நாள் மட்டும் ஒரு தப்பு நடந்துபோச்சு. கண்டிச்சுட்டோம்."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. கட்டுமஸ்தான நாலு ஆட்கள் ஒரு கிழவியின் தலையையும் கையையும் காலையும் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். அந்த அம்மாளுக்குக் கை கால் விளங்காமல் போய்விட்டது என்றே நினைத்தார். "படுக்கையிலயே போட்டுட்டீங்களா? சொல்லித்தானே அனுப்பினேன். சிஸ்டர், அட்மிஷன் எழுதுங்க. பெண்கள் வார்டு, பதினாலாம் நம்பர்."

சீட்டு எழுதிச் சங்கிலியின் கையில் கொடுக்கப்பட்டது. பதினாலாம் நம்பருக்குப் பக்கத்துக் கட்டில் பதினைந்து. கதவு வழியாகப் பார்த்தாள் சீனியம்மாள். அதே மருமகள் கதைக்காரிதான் படுத்திருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, எங்கே விட்டோம் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

"டாக்டரம்மா," என்றாள் சீனியம்மாள். "இவனுங்களை மட்டும் விடச் சொல்லுங்க. நான் சொன்னா விட மாட்டானுங்க."

"விடுங்கப்பா," என்றார் டாக்டரம்மா.

டாக்டர் உத்தரவு. நாலு பேரும் ஒரே நொடியில் விட்டார்கள்.

சீனியம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். ஒரு நாள் முழுக்கக் கிடந்த கால், முதல் அடியில் தடுமாறியது. டாக்டரம்மா கை நீட்டினார். "வேண்டாம்மா," என்றாள். இரண்டாவது அடி வைத்தாள். மூன்றாவது. பிறகு வராந்தாவின் கடைசிவரை போய், சன்னலைத் தொட்டுவிட்டு, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி நடந்து வந்தாள். இருளப்பன் வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தான். ஐம்பத்திரண்டு தடவை தூக்கினாள். மாலையில் தெருக்குழாய் வரை நடந்ததையும் சொன்னாள்.

டாக்டரம்மா தையலைப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். "நல்லா ஆறியிருக்கு. இப்படியே நடங்க. அட்மிஷன் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்," என்றவர் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "அவங்க கை அவங்க உடம்புப்பா. அது கணக்குல வராது," என்றார்.

"அதை எழுத்துல குடுத்தீங்கன்னா..." என்று சங்கிலி புத்தகத்தை நீட்டினான். டாக்டரம்மா அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

சீனியம்மாள் நிற்கவில்லை. பிள்ளைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, சாலையைக் கடந்து, வந்து நின்ற டவுன் பஸ்ஸில் கம்பியைத் தானே பிடித்து ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாலு பேரும் வராந்தாவில் காலி நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். சங்கிலியின் கையில் அட்மிஷன் சீட்டு இருந்தது.

"போகலாமாண்ணே?" என்றான் இருளப்பன்.

"எப்படிப் போறது? சீட்டு எழுதியாச்சே."

"டாக்டரம்மா வேண்டாம்னுட்டாங்களே."

"வாய்ல வேண்டாம்னாங்க. சீட்டுல வேணும்னு இருக்கு. மண்டியில இத்தனை வருஷம் இருக்கே. சீட்டு எழுதினப்புறம் சரக்கு இறக்காம எந்த லாரியாவது திரும்பியிருக்கா?"

திரும்பியதில்லை. அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பதினாலாம் நம்பரில் நாற்பத்தாறு கிலோ இறக்கியாக வேண்டும்.

"அம்மாவைத் திரும்பக் கூப்பிடலாமா?" என்றான் சோணை.

"அவ போகலாம்னு டாக்டரம்மா சொல்லியாச்சு. உத்தரவை மீறக் கூடாது. நம்மள்ல ஒருத்தரைத்தான் இறக்கணும்."

நாலு பேரும் எடை மெஷினில் ஏறினார்கள். குறைந்த எடை இருளப்பன். அறுபத்தெட்டு.

"இருபத்திரண்டு கிலோ அதிகம்," என்றான் வெயிலுமுத்து. "அதிகச் சரக்கு இறக்கினா வாங்க மாட்டாங்க."

பத்து நாள் அனுபவம் வீண் போகவில்லை. சோணை இருளப்பனின் ஒரு காலைத் தூக்கி மெஷினில் வைத்தான். சரியாகப் பதினொன்று. மற்றக் காலும் பதினொன்று. நாலு பேர் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ், பதினாலாம் நம்பர் கட்டிலில் மீசை வைத்த ஒருவன் போர்வை போர்த்திப் படுத்திருப்பதைப் பார்த்தார். இடுப்பு வரை கட்டிலில் இருந்தது. இரண்டு காலும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஆளுக்கொரு காலைச் சங்கிலியும் வெயிலுமுத்துவும் சுமந்து நின்றார்கள். பக்கத்துக் கட்டில்காரி மாமனார் சாவு வரை வந்திருந்தாள். சோணை தலையணையோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

"யாருங்க இது? இது பொம்பளைங்க வார்டு," என்றார் நர்ஸ்.

"சீட்டுல அப்படித்தான் எழுதியிருக்கு சிஸ்டர். எடையைப் பார்த்துக்கங்க, கிராம் குறையாது," என்றான் சங்கிலி.

நர்ஸுக்கு அன்று எழுபத்து மூன்று நோயாளிகள். சாயந்திரம் டாக்டரம்மா வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். "முதல்ல எல்லாரும் வெளிய போங்க. ஒரு பேஷண்டுக்குத் துணைக்கு ஒரு ஆள்தான் இருக்கலாம். அந்த ஆளும் தூங்கக் கூடாது, பேஷண்டைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

மூன்று அண்ணன்களும் மூலையில் போய் இரண்டு நிமிடம் கூடிப் பேசினார்கள். திரும்பி வந்து, துணைக்கு இருக்கிறவர்கள் உட்காருகிற ஸ்டூலை இழுத்து, இருளப்பனின் கால்களை அதன்மேல் வைத்துவிட்டு, வரிசையாக வெளியே நடந்தார்கள்.

"ஏங்க, துணைக்கு யாராவது ஒருத்தர் இருங்கன்னேன்ல?" என்றார் நர்ஸ்.

சங்கிலி வாசலில் நின்று ஸ்டூலைக் காட்டினான். "இருக்கே சிஸ்டர். இடுப்புக்கு மேல பேஷண்ட். கீழ இருக்கிறது துணைக்கு."

அன்று மதியம் இருளப்பன் நன்றாகத் தூங்கினான். கால்கள் மட்டும், உத்தரவுப்படி, ஸ்டூலில் ஆடிக்கொண்டே விழித்திருந்தன.